அட்டை சேர்ப்பது வீண் வேலையா?

பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு

சீட்டு என்ற சொல்லுக்கு நம் மதுரைப் பக்கத்தில் இரண்டு பொருள் உண்டு. மாதந்தோறும் நம் அன்னையர் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பணம் செலுத்தி, பண்டிகைக்கு முன்னதாக எடுக்கும் சீட்டு ஒன்று. அது நல்ல சீட்டு. வேலைவெட்டி இல்லாதவர் மரத்தடியில் துண்டை விரித்து ஆடும் சீட்டு மற்றொன்று. அது பொல்லாத சீட்டு. எங்கள் புத்தகப் பைகளில் இருக்கும் போக்கிமான் அட்டைகளைப் பெரியோர் பலர் இந்த இரண்டாம் வகையிலே சேர்த்துவிட்டனர். இவ்வாண்டு நடந்த பெற்றோர் கூட்டம் ஒன்றில், "பள்ளிக்குள் இந்த அட்டைகளே வரக்கூடாது" என்று பலர் எழுந்து பேசினர் என அறிந்தோம். அதே கூட்டத்தில் அட்டை என்றால் என்னவென்று கேட்டவர்களும் இருந்தனராம். எங்கள் கருத்தை அங்கே யாரும் கேட்கவில்லை. ஆண்டு மலரில் இரண்டு பக்கம் கிடைத்தமையால் கேளாமலே சொல்ல முன்வந்தோம்.

அறியாதோர்க்கு முதலில் இவ்விளையாட்டைப் பற்றிச் சில சொற்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு கற்பனை விலங்கின் படம் இருக்கும். மேலே அதன் உயிர்ப்புள்ளி, நடுவே அது தாக்கும் முறை, கீழே அதன் பலவீனம், ஓரத்தில் வரிசை எண். வட்டக் குறி இருந்தால் எளிதில் கிடைப்பது, சாய்சதுரம் இருந்தால் சற்று அரியது, விண்மீன் இருந்தால் அரியது. இருவர் எதிரெதிரே அமர்ந்து ஆடுவர். ஒவ்வொருவரும் தம்மிடமுள்ள அட்டைகளிலிருந்து 60 அட்டைகளைத் தேர்ந்து ஒரு கட்டு அமைத்துக்கொள்ள வேண்டும். ஒரே பெயருடைய அட்டை நான்குக்கு மேல் இருக்கக்கூடாது. அடிப்படை ஆற்றல் அட்டைகளுக்கு மட்டும் இவ்விதி இல்லை. ஆறு அட்டைகளைப் பரிசாகக் கவிழ்த்து வைத்துவிட்டு ஆட்டம் தொடங்கும். எதிரியின் விலங்கை வீழ்த்தும்போது பரிசு அட்டையை எடுக்கலாம். ஆறையும் முதலில் எடுத்தவள் வென்றவள். கூட்டலும் கழித்தலும் நினைவாற்றலும் இல்லாமல் இதை ஆட முடியாது. ஆனால் 'இது அறிவை வளர்க்கும்' என்று சொல்லி அட்டைகளுக்கு அனுமதி வாங்குவது எங்கள் நோக்கமன்று. பல்லாங்குழியும் தாயமும் ஆடிய நம் பாட்டிமார் அறிவு வளர்க்கவா ஆடினர்? பொழுது இனிதாகப் போயிற்று, அவ்வளவே.

சேர்ப்பதற்கென்று அச்சிட்ட அட்டைகள் முன்பே இருந்தன. ஆடுவதற்கென்று அச்சிட்ட சீட்டுக்கட்டுகளும் இருந்தன. இரண்டையும் ஒன்றாக்கி, 'நீ சேர்த்ததைக் கொண்டே நீ ஆடு' என்ற முறையை 1993-இல் உலகறியச் செய்தவர் ரிச்சர்ட் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கக் கணித அறிஞர். அவருடைய ஆட்டத்தின் பெயர் 'மேஜிக்: தி கேதரிங்'. மூன்று ஆண்டுகள் கழித்து, 1996 அக்டோபரில், ஜப்பானில் போக்கிமான் அட்டைகள் வெளிவந்தன. அதே ஆண்டின் தொடக்கத்தில் வந்த போக்கிமான் கையடக்க விளையாட்டே அதற்கு மூலம்.

அந்த மூல விளையாட்டைப் படைத்த சதோஷி தாஜிரியின் கதையை எங்கள் வகுப்பில் அறியாதவர் இல்லை. தோக்கியோ நகரின் புறத்தே வளர்ந்த அவர், சிறுவயதில் வயல்களிலும் குட்டைகளிலும் வண்டு பிடித்துத் திரிந்தவர். நகரம் பெருகப் பெருக அவ்வயல்கள் மறைந்து, கட்டடங்கள் எழுந்தன. தாம் பெற்ற அந்த இன்பத்தைப் பின்வரும் பிள்ளைகளுக்கும் தர வேண்டும் என்றே அவர் விளையாட்டை அமைத்தார். அதிலும் ஒரு நுட்பம் செய்தார். சிவப்பு, பச்சை என்று இரண்டு பதிப்புகளை வெளியிட்டு, ஒன்றில் உள்ள சில விலங்குகள் மற்றொன்றில் இல்லாதபடி செய்துவிட்டார். எவ்வளவு கெட்டிக்காரனாயினும் ஒருவன் தனியே எல்லாவற்றையும் சேர்த்துவிட முடியாது. மற்றப் பதிப்பை வைத்திருக்கும் தோழனைத் தேடிப் போய் மாற்றிக்கொண்டே தீரவேண்டும். எங்கள் வாதம் முழுவதும் இந்த ஓர் ஏற்பாட்டிலே இருக்கிறது. மாற்றுவதே இவ்விளையாட்டின் உயிர். வாங்குவது பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

தாஜிரியின் கதை மதுரைக்குப் புதிதா என்ன? தல்லாகுளம், பீபிகுளம் என்று பெயர்ப்பலகையில் குளம் இருக்கிறது. குளத்தைத்தான் தேட வேண்டியிருக்கிறது. மேலூர்ப் பக்கத்திலிருந்து பேருந்தில் வரும் தோழி ஒருத்தியின் தந்தையார், தாம் சிறுவராயிருந்தபோது பொன்வண்டைத் தீப்பெட்டிக்குள் இலை வைத்து வளர்த்ததையும், அது இட்ட முட்டைக்கு மூன்று பென்சில் பெற்றதையும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாராம். அந்தத் தீப்பெட்டியின் மேலட்டையையும் அக்காலப் பிள்ளைகள் விடவில்லை. சிவகாசி நம் ஊரிலிருந்து ஏறத்தாழ 70 கிலோமீட்டர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா சென்று தொழில் கற்றுவந்து 1923-இல் அங்கே தீப்பெட்டித் தொழிலைத் தொடங்கினர். பெட்டிக்கு மேலே ஒட்டும் படங்களை அச்சிடும் தொழிலும் அதன் பின்னே வளர்ந்தது. கிளி, மயில், மான், கப்பல், விமானம் என்று எத்தனையோ படங்கள்! அவற்றைச் சேர்த்தவர்களும், ஒன்றுக்கு இரண்டாக மாற்றியவர்களும், மண்ணில் வட்டம் போட்டு நடுவே அடுக்கிக் கல்லெறிந்து வென்றவர்களும் வேறு யாருமல்லர். பெற்றோர் கூட்டத்தில் எழுந்து பேசியவர்களின் தந்தையரும் மாமன்மாரும் தாம். எந்தப் படம் ஊரில் குறைவாகக் கிடைக்குமோ அதற்கு மதிப்பு அதிகம். விண்மீன் குறி மட்டும்தான் இல்லை.

சிகரெட்டுப் பெட்டியின் அட்டைகளையும் அப்படியே சேர்த்திருக்கிறார்கள். அதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. எனினும் இந்தப் பழக்கம் பரவியதில் புகையிலைக்கும் பெரும் பங்கு உண்டு. 1880-களில் அமெரிக்கச் சிகரெட்டு நிறுவனங்கள் பெட்டி நசுங்காமல் இருக்க உள்ளே ஒரு தடித்த அட்டையை வைத்தன. வெறும் அட்டையாக வைப்பானேன் என்று அதில் படம் அச்சிட்டு விளம்பரமும் ஆக்கின. பின்னர் ஹோனஸ் வாக்னர் என்ற பேஸ்பால் ஆட்டக்காரரின் படத்தை ஒரு நிறுவனம் இவ்வாறு வெளியிட, அவர் மறுத்து நிறுத்தச் செய்தார் என்பர். பிள்ளைகள் தம் படத்துக்காகப் புகையிலை வாங்கலாகாது என்று மறுத்தார் என்பது ஒரு கூற்று. பணம் தராததால் மறுத்தார் என்பது இன்னொரு கூற்று. முதற்கூற்றே உண்மையாயிருக்க வேண்டுமென்று நாங்கள் விரும்புகிறோம்.

இனி எங்கள் செய்திக்கு வருவோம். எங்களிடம் ஒரு குறிப்பேடு இருக்கிறது. எட்டாம் வகுப்பில் இருந்தபோது, யாரிடம் எந்த அட்டை இருக்கிறது என்று எழுதி வைக்கத் தொடங்கியது அது. பெயர், எண், 'மாற்றத் தயார்', 'மாற்றுவதற்கில்லை' என்று நான்கு கட்டங்கள். சில வாரங்களில் கட்டங்களுக்கு வெளியே எழுத்து வழியத் தொடங்கிற்று. ஒருத்தி தன் அட்டையைப் பற்றி அரைப்பக்கம் எழுதினாள். மற்றொருத்தி அதன் கீழே மறுப்பு எழுதினாள். அதற்கு ஒருத்தி சமாதானம் எழுதினாள். இப்போது மூன்றாவது குறிப்பேடு நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பத்தாம் வகுப்பு வரை கைமாறிக் கைமாறிச் சுற்றுகிறது. தமிழ்க் கட்டுரை ஒன்றரைப் பக்கத்துக்கு மேல் நகராத தோழியர், தாம் எப்படித் தோற்றோம் என்பதை இதிலே மூன்று பக்கம் எழுதியிருக்கிறார்கள். எழுத்துப் பிழைகளைச் சிவப்பு மையில் திருத்துவதும் நாங்களே. இந்த வேலையில் சிலர் ஆசிரியைகளைவிடக் கண்டிப்பு.

அக்குறிப்பேட்டைத் திருப்பிப் பார்த்தால், பணம் பற்றிய பேச்சு மிகக் குறைவு என்பதைக் காணலாம். படம் பற்றிய பேச்சே மிகுதி. ஒவ்வோர் அட்டையிலும் படம் வரைந்தவரின் பெயர் சிறிய எழுத்தில் அச்சாகியிருக்கும். பலர் அதைப் பார்ப்பதில்லை. நாங்களும் ஒன்பதாம் வகுப்புத் தோழி ஒருத்தி எடுத்துக்காட்டும்வரை பார்க்கவில்லை. மிட்சுஹிரோ அரிதா என்பவர் முதல் தொகுதியிலிருந்தே வரைந்து வருபவர். யூகா மோரீ என்ற பெண்மணி வரைவதே இல்லை. களிமண்ணால் சிறு உருவம் செய்து, அதை ஒரு காட்சியில் அமைத்துப் புகைப்படம் எடுத்து, அதையே அட்டையில் தருகிறார். அசாகோ இத்தோ என்பவர் நூலால் பின்னிய பொம்மைகளைக் கொண்டு இதே போலச் செய்கிறார். கைவேலை வகுப்பில் குரோஷா ஊசியைத் தொடவே அலுத்துக்கொள்ளும் ஒருத்தி, இத்தோ அம்மையாரின் அட்டையைப் பார்த்தபின் ஒரு மஞ்சள் எலியைப் பின்னி முடித்தாள். காது ஒன்று நீளம், ஒன்று குட்டை. கைவேலை ஆசிரியை அதற்கு மதிப்பெண்ணும் அளித்தார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பள்ளியில் ஆறாம் வகுப்பினர் பத்தாம் வகுப்பினரோடு பேசுவதற்கு என்ன இருக்கிறது? "அக்கா, மணி அடித்துவிட்டதா?" என்பதற்கு மேல் ஒன்றுமில்லை. அட்டை இருந்தால் பேச்சு இருக்கிறது. ஆண்டுத் தொடக்கத்தில் வேறு மாவட்டத்திலிருந்து வந்து விடுதியில் சேர்ந்த சிறுமி ஒருத்தி, முதல் மாதம் முழுவதும் யாருடனும் பேசவில்லை. சாப்பாட்டு அறையில் கூடச் சுவரைப் பார்த்தே உண்பாள். அவளிடம் 11 அட்டைகள் இருந்தன. அவற்றுள் யூகா மோரீயின் களிமண் அட்டை ஒன்று. அதைப் பார்க்க உயர்வகுப்பு அக்காமார் வரிசையில் வந்தபோது அவள் வாய் திறந்தாள். அதன் பின் அவளை நிறுத்தப் பாடாய்ப் போயிற்று.

இவ்வளவு நன்மை இருந்தால் பெரியோர் ஏன் அஞ்சுகின்றனர்? காரணம் இல்லாமல் இல்லை. அமெரிக்காவிலும் 1999-இல் இந்த அட்டைகளைப் பள்ளிகள் பல தடை செய்தன. இது பிள்ளைகளுக்கான சூதாட்டமே என்று கூறிச் சில பெற்றோர் அவ்வாண்டே நீதிமன்றம் சென்றனர். 2001-இல் சவூதி அரேபியா நாடு முழுவதும் தடை விதித்தது. அந்தப் பெற்றோர் சொன்னதை நாங்கள் அலட்சியம் செய்யவில்லை. ஒட்டிய பொட்டலம் என்ற ஒன்று இருக்கும்வரை அவர்கள் கூற்றில் உண்மை இருக்கத்தான் செய்கிறது.

பொட்டலத்தின் வெளியே ஒரு விலை. உள்ளே எந்த அட்டை என்பது வாங்கும்வரை தெரியாது. பத்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகத்தின் கடைசிப் பாடம் நிகழ்தகவு; அதைக் கொண்டே நாங்கள் ஒரு கணக்குப் போட்டோம். ஒரு தொகுதியில் 20 வகை அட்டைகளே உள்ளன, எல்லாம் சமமாகக் கிடைக்கும், ஒரு பொட்டலத்துக்கு ஓர் அட்டை என்று வைத்துக்கொள்வோம். இருபதையும் சேர்க்க எத்தனை பொட்டலம் வாங்க வேண்டும்? இருபது என்று சொன்னவர்கள் பலர். முப்பது என்றவர்கள் சிலர். சராசரியாக 72 வேண்டும்! முதல் அட்டை ஒரே பொட்டலத்தில் கிடைத்துவிடும். கடைசி ஓர் அட்டைக்கு மட்டும் சராசரியாக 20 பொட்டலம் பிரிக்க வேண்டும். நம்பாதவர்களுக்காக, புளியங்கொட்டையில் 1 முதல் 20 வரை எழுதி, பையில் போட்டு, எடுத்து எடுத்துத் திரும்பப் போட்டுப் பார்த்தோம். ஒரு முறை 58-இல் முடிந்தது. அடுத்த முறை 90-ஐத் தாண்டிவிட்டது. இடைவேளை முடிந்து ஆசிரியை வந்துவிட்டார். உண்மையான தொகுதிகளில் வகைகள் நூற்றுக்கும் மேலே. அரியவை சமமாகவும் கிடைப்பதில்லை. எந்தத் தகப்பனாரின் சம்பளம் இதற்குத் தாங்கும்?

ஆனால் அதே புளியங்கொட்டையை இரு குழுவாகப் பிரிந்து எடுத்து, மிஞ்சியதை மாற்றிக்கொண்டால் இரு குழுவும் விரைவில் முடிக்கின்றன. தோழியர் பெருகப் பெருகச் செலவு குறைகிறது. தனியே வாங்குபவளுக்குத்தான் நட்டம். மாற்றுவதைத் தடை செய்துவிட்டால் பிள்ளைகள் அட்டையை விட்டுவிடுவார்கள் என்று பெரியோர் எண்ணுகின்றனர். அவர்கள் கடைக்குப் போவார்கள் என்பதே எங்கள் அச்சம்.

கடையிலும் என்ன கிடைக்கிறது? ஊரெங்கும் தெருமுனைக் கடைகளில் பொன்னிறத்தில் மின்னும் கட்டுகள் தொங்குகின்றன. விலை மலிவு. அவற்றில் பெரும்பாலானவை போலி. எழுத்து ஒரு மாதிரி தடித்திருக்கும். விலங்கின் பெயரிலேயே பிழை இருக்கும். உயிர்ப்புள்ளி நம்ப முடியாத அளவுக்குப் பெரிதாக இருக்கும். பின்புற நீலம் வெளுத்திருக்கும். உண்மை அட்டையைக் கிழித்துப் பார்த்தால் நடுவே கருநிறத் தாள் ஒன்று தெரியும். இதை அறிய ஓர் அட்டையைப் பலியிட வேண்டும். எங்களில் ஒருத்தி தியாகம் செய்தாள். போலி அட்டையை வைத்து ஆடுவதில் குற்றமில்லை என்பதே எங்கள் துணிபு. ஏழைப் பிள்ளைக்கு அதுவே எட்டும். அதை உண்மை என்று சொல்லி மாற்றுவதுதான் குற்றம்.

அப்படி ஒன்று இவ்வாண்டு நடந்தேவிட்டது. எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, பன்னிரண்டு பொன்னிற அட்டைகளைக் கொடுத்து, மேலே சொன்ன விடுதிச் சிறுமியின் களிமண் அட்டையை வாங்கிக்கொண்டாள். பன்னிரண்டைப் பெற்ற மகிழ்ச்சியில் சிறுமி இரண்டு நாள் துள்ளினாள். மூன்றாம் நாள் யாரோ உண்மையைச் சொல்ல, அழுதாள். எங்கள் வழக்கப்படி குறிப்பேட்டில் எழுதப்பட்டு, இருவரையும் அமர்த்திக் கேட்டோம். எட்டாம் வகுப்பு மாணவி முதலில் மறுத்தாள், பிறகு ஒப்புக்கொண்டாள், திங்கட்கிழமை திருப்பித் தருவதாக எல்லோர் முன்னிலையிலும் சொன்னாள். அவள் அதைக் கொண்டுவந்த திங்கட்கிழமைதான் வகுப்புகளில் சோதனை நடந்தது. கொடுத்தவள் அட்டை, கெட்டவள் அட்டை, வழக்கு விசாரித்தவர்கள் அட்டை யாவும் ஒரே பையில் போய்விட்டன. செய்தவளுக்குத் திருந்த வழியில்லை, இழந்தவளுக்குப் பெற வழியில்லை. அட்டைகளைப் பறித்ததற்கு நாங்கள் வருந்தவில்லை, ஒழுங்கு வேண்டியதே. இந்த ஒரு கணக்கு முடியாமல் நின்றதற்கே வருந்துகிறோம்.

விலை பேசும் ஆசை எங்கள் நடுவிலும் நுழையாமலில்லை. கைப்பேசியில் ஒருவர் பொட்டலம் பொட்டலமாகப் பிரித்து 'ஆகா' என்று கூவுவதை மணிக்கணக்கில் பார்ப்போர் உள்ளனர். 1990-களின் இறுதியில் ஜப்பானியச் சிறுவர் இதழ் ஒன்று ஓவியப் போட்டி நடத்தி, வென்ற பிள்ளைகளுக்கு ஒரு சிறப்பு அட்டையைப் பரிசளித்தது. தூரிகை பிடித்த மஞ்சள் எலி அதன் படம். படம் வரைந்த பிள்ளையின் கையிலிருந்த அப்பரிசு ஒன்று 2021-இல் 52 லட்சம் டாலருக்கு மேல் கைமாறியது. கண்ணாடிப் பேழையில் பூட்டி வைத்த அந்த அட்டையை இனி யார் ஆடப்போகிறார்கள்? அதை வென்ற பிள்ளை வரைந்த ஓவியம் என்னவாயிற்று என்று அறியவே எங்களுக்கு ஆவல்.

உள்ளே இருப்பது தெரியாமல் பணம் செலுத்துவதை அரசுகளும் இப்போது ஐயத்தோடு பார்க்கின்றன. கணினி விளையாட்டுகளில் விற்கும் மூடிய பரிசுப் பெட்டிகளைப் பெல்ஜியம் 2018-இல் சூதாட்டம் என்றே அறிவித்தது. இணையத்தில் பணம் வைத்து ஆடும் விளையாட்டுகளைத் தடை செய்து நம் நாடாளுமன்றம் 2025-இல் சட்டம் இயற்றியது. வள்ளுவர் இதற்கெல்லாம் முன்பே 'சூது' என்று ஓர் அதிகாரத்தை ஒதுக்கிவிட்டார், 94-ஆவது அதிகாரம். ஆகவே ஒட்டிய பொட்டலம் பள்ளி வாயிலைத் தாண்டி உள்ளே வரக்கூடாது என்று தலைமையாசிரியை அருட்சகோதரி அவர்கள் ஆணையிட்டால், அதை முதலில் வரவேற்போர் நாங்களே. அட்டைக்குப் பணம் கொடுப்பதும் பெறுவதும் வளாகத்துக்குள் கூடாது என்பதையும் சேர்த்துக்கொள்ளலாம். மதுரைக்காஞ்சி இந்நகரின் நாளங்காடியையும் அல்லங்காடியையும் பாடுகிறது. பகலும் இரவும் கடை திறந்திருந்த ஊரில், பள்ளிக்குள்ளாவது கடை வேண்டாமே.

மாற்றுவதற்கு மட்டும் வெள்ளிக்கிழமை மாலை அரைமணி நேரம் கேட்கிறோம். ஆசிரியை ஒருவர் உடனிருக்கட்டும். ஆறு, ஏழாம் வகுப்புச் சிறுமியர் தம்மைவிட மூத்தவரோடு மாற்றும்போது பத்தாம் வகுப்பு அக்கா ஒருத்தி பக்கத்தில் நிற்க வேண்டும். மாற்றியது குறிப்பேட்டில் ஏற வேண்டும். மனம் மாறினால் மறு வெள்ளிக்கிழமைக்குள் திருப்பிக் கேட்கலாம். இவற்றுள் எதுவும் புதிதாகச் செய்ய வேண்டியதன்று. இரண்டு ஆண்டுகளாக நாங்கள் கடைப்பிடித்து வருவதே. மரத்தடியில் ஒளிந்து செய்ததை வகுப்பறையில் விளக்கொளியில் செய்ய அனுமதி கேட்கிறோம்.

வாங்க வசதியில்லாத தோழியர் ஏங்குவர் என்பது ஓர் அன்னையின் வாதம். எல்லா வாதங்களிலும் இதுவே கனமானது. இதற்கு முழுமையான விடை எங்களிடம் இல்லை. ஒரு பிஸ்கட் டப்பா வைத்திருக்கிறோம். இரண்டுக்கு மேல் ஒரே அட்டை வைத்திருப்பவர் மிஞ்சியதை அதில் போட வேண்டும். அதிலிருந்து 60 அட்டைக் கட்டுகள் நான்கு அமைத்து இரவல் தருகிறோம். எங்கள் பிரிவில் இவ்வாண்டு மிகுதியாக வென்றவள், சொந்தமாக ஓர் அட்டையும் இல்லாதவள். இருந்தாலும், விண்மீன் அட்டையைக் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பித் தரும்போது ஒருத்தியின் முகத்தில் தோன்றும் நிழலை டப்பா நீக்கிவிடாது. தலைமுடி நாடாவிலும் சாப்பாட்டுப் பாத்திரத்திலும் கூட அந்நிழல் உண்டு. சீருடை மட்டும் எங்களை ஒன்றாக்குகிறது, அதற்கு நன்றி.

படிப்பு கெடும் என்பாருக்கு: அரசுப் பொதுத்தேர்வு எழுதப்போகும் எங்களுக்கே அந்தக் கவலை எல்லாரினும் அதிகம். கார்லோ அகுதிஸ் என்ற இத்தாலிய இளைஞர் கணினியில் வல்லவர், விளையாட்டிலும் ஆர்வமுள்ளவர். கணினி விளையாட்டுக்கு வாரத்தில் ஒரு மணி நேரம்தான் என்று தமக்குத் தாமே வரையறுத்துக்கொண்டார். 2006-இல், எங்கள் வயதில், பதினைந்தாம் வயதிலே மறைந்த அவரைத் திருத்தந்தை பதினான்காம் லியோ 2025 செப்டம்பர் 7 அன்று புனிதராக உயர்த்தினார். அவர் விளையாட்டைத் துறந்தார் என்று எந்த அருட்சகோதரியும் எங்களுக்குச் சொல்லவில்லை. அளந்துகொண்டார் என்றே மறைக்கல்வி வகுப்பில் கற்றோம். நாங்கள் கேட்பது அதிலும் பாதி நேரம்.

இவற்றையெல்லாம் விண்ணப்பமாக எழுதி, 43 பேர் கையொப்பமிட்டு அலுவலகத்தில் கொடுத்திருக்கிறோம். இரண்டு குறிப்பேடுகளையும் பிஸ்கட் டப்பாவையும் பார்வைக்கு வைக்கச் சித்தமாயிருக்கிறோம். மூன்றாம் குறிப்பேடு இப்போது ஏழாம் வகுப்பில் சுற்றுகிறது. அதில் 40 பக்கங்கள் மீதமுள்ளன. முடிவு எதுவாயினும் பணிவோம். அதற்குமுன் ஒன்று மட்டும்: அலமாரியில் உள்ள பையில், களிமண் உருவம் கொண்ட அட்டை ஒன்று இருக்கும். வலப்புற மேல்முனை சற்றே மடிந்திருக்கும். கோடை விடுமுறைக்கு விடுதிச் சிறுமியர் ஊருக்குக் கிளம்புமுன், அதை எட்டாம் வகுப்பு மாணவியின் கையில் கொடுத்து, அவளைக் கொண்டே உரியவளிடம் சேர்ப்பிக்க வேண்டுகிறோம்.